கிராம சபையில் கஞ்சா, மாத்திரை, வெட்டுக்குத்து பற்றித் தீர்மானம் போடணும்: எதைக் கேட்டால் வேலை நடக்கும்?

மேலூர்ரோடு_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில இருந்து மேலூர் போற ரோட்டை ஒட்டி இருக்கிற ஊராட்சி எங்களுது. ஊர்ப் பேரு வேண்டாம். வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறேன். மகன் அரசுப் பள்ளியில ஒம்பதாவது படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவர். 2024-ல குழுவைப் புதுசா அமைச்சப்போ கை தூக்கி உக்கார வெச்சாங்க. பேருக்குத்தானேன்னு அன்னைக்கு நெனச்சேன். இப்போ அப்படி நெனைக்க முடியல.

போன பங்குனிப் பொங்கல் அன்னைக்கு ராத்திரி எட்டரை மணி இருக்கும். டீக்கடை வாசல்ல போன் சார்ஜருக்காக ரெண்டு பயலுகளுக்குள்ள வாய்ச்சண்டை. விலக்கிவிடப் போன டீக்கடைக்காரருக்குக் கையில வெட்டு, பதினாலு தையல். பிளவுஸுக்கு வெட்டி வெச்சிருந்த லைனிங் துணியை எடுத்துட்டு ஓடி நான்தான் இறுக்கிக் கட்டினேன். வெட்டினவனுக்குப் பத்தொம்பது வயசு. ஆறாவது சேந்தப்போ அவனோட யூனிபார்ம் டவுசருக்கு மடிப்பு அடிச்சுக் கொடுத்தவ நான். அன்னைக்கு என்னைப் பாத்தான், ஆனா அவனுக்கு என்னை அடையாளம் தெரியல. கண்ணு அப்படி இருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால துப்புரவு பண்ணினோம். கழிப்பறைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சு ஊசி, ஒரு குளுக்கோஸ் பாட்டில், காலியான மாத்திரை அட்டைக. கஞ்சாவுன்னா எங்களுக்குத் தெரியும், பீடி மாதிரி சுருட்டி ஊதுவாய்ங்க, வாசம் காட்டிக்கொடுத்துரும். மாத்திரையைப் பொடிச்சு ஊசியில ஏத்துறது எங்க ஊருக்குப் புதுசு. பள்ளிக்கூடத்துக்குப் பேரு கெட்டுரும், வெளியில சொல்லாதீங்கன்னாங்க. சொல்லாம இருக்க என்னால முடியல.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு நான் சொல்ல வரல. 2021 டிசம்பர்ல கஞ்சா வேட்டைன்னு ஆரம்பிச்சு 2.0, 3.0, 4.0 வரைக்கும் நடத்தினாங்க. 2022 ஆகஸ்ட்டுல பள்ளிக்கூடமெல்லாம் போதைக்கு எதிரா உறுதிமொழி எடுத்தாங்க, என் மகன் அப்போ ஆறாவது, வீட்டுக்கு வந்து மனப்பாடமாச் சொல்லிக் காட்டினான். போதை விக்கிறவங்களைப் பத்திப் புகார் சொல்ல 10581-ன்னு நம்பர் சுவத்துல எழுதியிருக்கு. போதையையும் வன்முறையையும் குறைக்கப் போறோம், அதுக்குத் திட்டம் வெச்சிருக்கோம்னு செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு. அந்தத் திட்டம் எங்க தெருவுக்குள்ள வரும்போது என்னவா இருக்கணும்? அதுதான் என் கேள்வி.

ஆகஸ்ட் 15 கிராம சபை. குழு சார்பா ஒரு தீர்மானம் கொண்டு போறோம். 'போதையை ஒழிக்க வேண்டும்'னு ஒத்த வரி எழுதினா அது நோட்டுலயே கெடக்கும். எதைக் கேட்டா அதிகாரி பதில் சொல்லியே ஆகணும்? போலீஸ், கோர்ட், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி இதுல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.


ஓய்வு_ரைட்டர்:

அம்மா, வணக்கம். தென்மாவட்டக் காவல் நிலையங்களில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பதினேழு வருடம் நிலைய எழுத்தர். முதல் தகவல் அறிக்கை, மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பதிவு), ரிமாண்ட் அறிக்கை எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. 'அதிகக் கைது வேண்டும்' என்று மட்டும் தீர்மானத்தில் எழுதிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கஞ்சாவுக்கு 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் எடைதான் எல்லாம். ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதிகபட்சம் ஒரு வருடம். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம், 20 வருடம் வரை போகும், ஜாமீனும் லேசில் கிடைக்காது. இடையில் இருப்பதற்குப் பத்து வருடம் வரை. சரக்கு இப்போது வருசநாட்டு மலையிலிருந்து வருவதில்லை. ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. கொண்டு வருபவன் ஒருத்தன், கிலோக் கணக்கில் பிரித்து வைப்பவன் ஒருத்தன், ஐம்பது கிராம் பொட்டலமாக உங்கள் தெருவில் கொடுப்பவன் ஒருத்தன். வேட்டை என்று அறிவித்தால் எண்ணிக்கை காட்ட வேண்டும். எண்ணிக்கைக்குக் கையில் சுலபமாகக் கிடைப்பவன் அந்தக் கடைசி ஆள்தான். அவன் பாதி நேரம் தானே ஊதுகிறவன். பத்துப் பதினைந்து நாளில் ஜாமீனில் வருவான், வரும்போது உள்ளே பழகிய இரண்டு பேரின் போன் நம்பரோடு வருவான். என் நிலையத்தில் ஒரு பையனுக்கு முதல் வழக்கு 40 கிராம் கஞ்சா. மூன்றாவது வழக்கு கொலை முயற்சி. இரண்டுக்கும் நடுவில் பதினான்கு மாதம். மூன்று முதல் தகவல் அறிக்கையும் நான் எழுதியதுதான்.

பெரிய ஆள் சிக்கினாலும் கதை முடிந்ததென்று நினைக்காதீர்கள். பல வருடம் முன்பு பேருந்தில் வந்த 22 கிலோவைப் பிடித்தோம். பழைய பழக்கத்தில் அந்த இடத்திலேயே மாதிரி எடுத்து மூட்டை கட்டி அரக்கு வைத்தோம். மாதிரியை நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும், அதே 1985 சட்டத்தின் 52ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாக்கியது. போதாததற்கு மூட்டை காய்ந்து எடை இறங்கிவிட்டது, மகஜரில் இருந்த எடை வேறு, நீதிமன்றத்தில் போட்ட எடை வேறு. நாலு வருடம் நடந்த வழக்கில் இரண்டு பேரும் விடுதலை. அந்த மகஜரை எழுதியது நான். அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. 2022 கடைசியில் மாதிரி எடுப்பதற்கும் மூட்டைகளைச் சேமிப்பதற்கும் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்துவிட்டது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த இரண்டு பேர் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும். பிடித்தது எத்தனை கிலோ என்று யாரும் கேட்பார்கள். போன வருடம் தண்டனையில் முடிந்தது எத்தனை, விடுதலையில் முடிந்தது எத்தனை, விடுதலைக்கு என்ன காரணம் என்று நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று பணம். 2022-ல் தென்மண்டலத்தில் கஞ்சா வழக்குகளில் சிக்கியவர்களுடைய வங்கிக் கணக்குகளையும் சொந்தக்காரர்களுடைய கணக்குகளையும் முடக்கினார்கள். அதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன். ஜெயிலுக்குப் பயப்படாத வியாபாரி, மாமியார் பெயரில் வாங்கிய பிளாட்டுக்குப் பயந்தான். அந்த முடக்க உத்தரவு முப்பது நாளுக்குள் உரிய அதிகாரியால் உறுதி செய்யப்படாவிட்டால் செல்லாது. அந்த முப்பது நாளைக் கோட்டை விடாமல் காகிதத்தைத் தள்ள நிலையத்தில் ஒரு ஆள் வேண்டும். வேட்டைக்குக் கொடுக்கும் ஆளில் ஒருவரை அதற்குக் கொடுத்தாலே போதும்.

உங்கள் பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தில் 77, 78 என்று இரண்டு பிரிவுகள். பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுத்தால் 77. பிள்ளையை வைத்து விற்கவோ கடத்தவோ செய்தால் 78. இரண்டுக்கும் ஏழு வருடம் வரை, ஒரு லட்சம் வரை அபராதம். 40 கிராம் என்றால் அதிகபட்சம் ஒரு வருடம் என்று சிரித்துக்கொண்டே வருபவனுக்கு இந்தப் பிரிவு சேர்ந்தால் முகம் மாறும். பள்ளிக்கூடத்தில் கிடைத்தது வெளியில் தெரியக்கூடாது என்று மூடி வைத்தால் இந்தப் பிரிவைப் போட ஆதாரமே இருக்காது. அந்த அட்டைகளைப் போட்டோ எடுத்தீர்களா? தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பற்றியும் சொல்ல வேண்டும், ராத்திரி எழுதுகிறேன். பேரன் டியூஷன் முடிந்து வரும் நேரம்.


கீழமாசி_மருந்தகம்:

அக்கா, நான் பதிவு பெற்ற மருந்தாளுநர். இருபது வருஷமாகக் கடை. நீங்க பார்த்த அட்டையில் என்ன பேர் இருந்ததுன்னு சொல்லலை, ஆனால் எனக்கு ஊகம் இருக்கு. டேபென்டடால். கடுமையான வலிக்கு, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கும் புற்றுநோய் வலிக்கும் டாக்டர் எழுதுற மாத்திரை. வாயில் போட்டு முழுங்கறதுக்குச் செஞ்சது. அதைப் பொடிச்சு சலைன்ல கரைச்சு நரம்புல ஏத்தினா மாத்திரையில் சேர்த்திருக்கிற மாவு, பசை எல்லாம் ரத்தத்துல போகும். நரம்பு கெட்டுப் புண்ணாகும், நுரையீரல் அடைபடும், மூச்சு நின்னும் போகும். ஒரே ஊசியை நாலு பேர் மாத்தி மாத்திப் போட்டா எச்ஐவி, மஞ்சள் காமாலை ரெண்டும் பரவும். அந்த ஊசிகளைக் கையால எடுக்காதீங்க, தடிமனான பிளாஸ்டிக் டப்பாவுல இடுக்கியால போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுங்க. பிள்ளைங்க யாருக்காவது குத்தியிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.

இப்போ சட்டச் சிக்கல். கஞ்சாவுக்கு இருக்கிற 1985 சட்டத்தோட பட்டியலில் டேபென்டடால் இல்லை. தூக்க மாத்திரை நைட்ரசெபாம் அந்தப் பட்டியலில் இருக்கு, இது இல்லை. இதை லைசென்ஸ் இல்லாம வித்தா 1940-ஆம் வருஷ மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம்தான். தண்டனை மூணு முதல் அஞ்சு வருஷம், கம்மின்னு சொல்ல முடியாது. ஆனா அந்தச் சட்டத்துல போலீஸ் நேரடியா வழக்குப் பதிய முடியாது, மருந்து ஆய்வாளர் மாதிரி அந்தச் சட்டம் சொல்றவங்கதான் கோர்ட்டுல புகார் கொடுக்கணும். 2020-ல் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிருச்சு. அப்போ உங்க ஊர்ல ஒருத்தன் 300 மாத்திரையோட சிக்கினா, பிடிக்கிறது போலீஸ், வழக்கு நடத்த வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ரெண்டு ஆபீஸும் அன்னைக்கே பேசிக்கலைன்னா அவன் நடுவுல நழுவிருவான். தீர்மானத்துல மருந்து ஆய்வாளரோட பேரையும் சேருங்க. ரொம்பப் பேர் அவரை மறந்துடறாங்க.

எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும். சீட்டு இல்லாம பத்து ரூபா மாத்திரையை நூறு ரூபாய்க்குக் கொடுக்கிற கடைகள் இருந்துச்சு, இன்னும் சிலது இருக்கு. ஆனா இப்போ மொத்தமா வர்றது கடைவழியா மட்டும் இல்லை. வெளிமாநிலத்துல ஆன்லைன்ல வாங்கி கூரியர்ல, பார்சல்ல இறக்குறாங்க. என் கடைக்கு ஒரு பையன் செல்போன்ல சீட்டு போட்டோவைக் காட்டி மூணு அட்டை கேட்டான். டாக்டர் பேருக்குக் கீழ இருந்த பதிவு எண்ணுல ரெண்டு எழுத்து அழிஞ்சிருந்துச்சு. கொடுக்கலை. கல்லாப் பெட்டி மேல இருந்த கண்ணாடியை உடைச்சுட்டுப் போனான். அப்புறம் ரெண்டு நாள் வரைக்கும் ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சு வியாபாரம் பண்ணினேன். கொடுத்தா கேஸு, கொடுக்கலைன்னா வெட்டு. நேர்மையா கடை நடத்தறவனுக்கும் பாதுகாப்பு வேணும்னு ஒரு வரி எழுதுங்க அக்கா, கேட்டுக்கறேன்.


உழவர்சந்தை_ராசு:

எல்லாரும் சட்டப் பிரிவு பேசுறீங்க, நான் ரத்தம் பேசுறேன். எங்கப்பா தக்காளிக் கடை. மாமூல் கேட்டு வந்த மூணு பேரும் கஞ்சாப் போதையில இருந்தாய்ங்க. தரமாட்டேன்னதுக்கு முதுகுல ரெண்டு வெட்டு. இப்போ அவரால கூடை தூக்க முடியாது. மூணு பேருல ஒருத்தன் மேல ஏற்கனவே ஏழு கேஸ். அவன் எப்படி வெளிய திரிஞ்சான்? மறுவாழ்வு, கவுன்சிலிங்னு பேசுறப்போ எனக்கு வயிறு எரியுது. இவிங்களை குண்டாஸ்ல தூக்கிப் போடுன்னு தீர்மானம் போடுங்க. வேற எதுவும் வேண்டாம்.


ஓய்வு_ரைட்டர்:

ராசு தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஏழு வழக்கு உள்ளவன் வெளியில் திரிந்ததற்கு வெறும் வார்த்தையால் பதில் சொல்ல முடியாது.

குண்டாஸ் என்பது 1982-ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம். விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம். போதைப்பொருள் குற்றவாளிக்கும் பொருந்தும், ரவுடிக்கும் பொருந்தும். அடைத்தவனின் கோப்பு மூன்று வாரத்துக்குள், அடைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். அவன் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தாலே உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்துவிடும், அப்படி ரத்தானதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தாகாமல் இருந்தாலும் ஒரு வருடத்தில் வெளியில் வருவான். அந்த ஒரு வருடத்துக்குள் அந்த ஏழு வழக்கில் ஒன்றாவது தண்டனையில் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அடைத்ததற்கே அர்த்தமில்லை. சாட்சிகள் அந்த நேரத்தில்தான் பயமில்லாமல் வருவார்கள், அந்த நேரத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். ஏழு வழக்கு உள்ளவனுக்கு இதைக் கேளுங்கள், உங்களோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு 40 கிராம் வழக்கு உள்ள பதினெட்டு வயதுப் பையனையும் அதே கயிற்றில் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

உங்கள் அப்பா விஷயத்தில் இரண்டு செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்துவிட்டது. அதன் 193-ஆம் பிரிவுப்படி, புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் துறை தெரிவித்தாக வேண்டும். சம்பவம் அதற்குப் பின் நடந்திருந்தால் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் மனு கொடுங்கள், குற்றவாளி தண்டனை அடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வக்கீலுக்குச் செலவு செய்ய வேண்டாம், அங்கேயே எழுதித் தருவார்கள்.

வெட்டுக்குத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று. வெட்டு திடீரென்று நடப்பதாகத் தெரியும். எழுத்தர் மேசையில் உட்கார்ந்தவனுக்கு அப்படித் தெரியாது. பாதிக்கு மேல் ஒரு மாதம் முன்பே புகாராக வந்திருக்கும். 'என்னை முறைத்தான்', 'பைக்கை உதைத்தான்', 'போனைப் பிடுங்கினான்' என்று வரும். மனு ரசீது கொடுத்து அனுப்பியிருப்போம். அந்தச் சின்னப் புகாரில் இருந்த இரண்டு பெயரும் பின்னால் கொலை வழக்கில் ஒருவர் முதல் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக), மற்றவர் இறந்தவராக வருவார்கள். பழிக்குப் பழியில் மிக ஆபத்தான நாள், எதிரி ஜாமீனில் வெளியே வரும் நாளும் இறந்தவருக்கு வருட நினைவு நாளும்தான். எந்த நல்ல ஆய்வாளரும் இந்த இரண்டு தேதியையும் நாட்குறிப்பில் எழுதி வைப்பார். திட்டம் என்று கோட்டையில் எதை எழுதினாலும், நிலையத்தில் இந்தத் தேதிகளை எழுதுகிறார்களா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை. 2021 செப்டம்பரில் ரவுடிகளைத் தேடிப் பிடித்த நேரத்தில் அருவாள் பட்டறைகளில் யார் வாங்குகிறார்கள் என்று பதிவேடு வைக்கச் சொன்னார்கள். திருப்பாச்சேத்திப் பக்கம் பட்டறைக்காரர்களோடு கூட்டமும் போட்டார்கள். நல்ல யோசனை. அந்தப் பதிவேட்டை இப்போதும் யாராவது புரட்டிப் பார்க்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

அம்மாவுக்குச் சொன்ன 64ஏ. போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கினால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். சட்டத்திலேயே இருக்கிறது. என் முப்பத்தொரு வருடத்தில் இதைப் பையனின் தாயாரிடம் எடுத்துச் சொன்ன அதிகாரிகள் மூன்று பேர்தான். நானும் ரொம்ப காலம் சொன்னதில்லை, எனக்கே தெரியாது.


ஒட்டன்சத்திரம்_அக்கா:

நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். ராசு அண்ணே, உங்க அப்பாவை வெட்டின மாதிரி ஒரு ஆளாத்தான் என் தம்பியும் ஆகியிருப்பான். ஆகறதுக்கு ஒரு படி முன்னாடி நின்னான்.

பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷத்துல மாத்திரை பழகினான். வீட்டுல முதல்ல காணாமப் போனது சிலிண்டர். அப்புறம் அம்மாவோட தோடு. கேட்டதுக்கு அம்மாவைச் சுவத்தோட தள்ளினான். மறுநாள் காலையில மாத்திரை இறங்கினதும் அம்மா கால்ல விழுந்து அழுதான். சாயங்காலம் மறுபடி காசு கேட்டான். மாத்திரை கிடைக்காத நாள்ல மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கும், வயித்தால போகும், மூணு நாலு நாள் தூக்கமே கிடையாது. அந்த நாலு நாளைத்தான் அவனால தாண்ட முடியல. கெட்டவன்கறதால இல்லை, அந்த வேதனைக்காகத்தான் ஓடி ஓடிப் போனான்.

முதல்ல தனியார் மையம் ஒண்ணுல சேத்தோம். மாசம் இருபதாயிரம். நகையை வெச்சுக் கட்டினோம். பாக்கப் போனப்போ கணுக்கால்ல சங்கிலித் தழும்பு. அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டோம். இந்த மாதிரி மையம் எல்லாம் 2017 மனநலச் சட்டப்படி பதிவு செஞ்சிருக்கணும்னு பின்னாலதான் தெரிஞ்சுது. சேக்கறதுக்கு முன்னாடி பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்க, எல்லாரும் இதை மறக்காதீங்க.

அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல சேத்தோம். காசு இல்லை. இருபத்திரண்டு நாள் இருந்தான். டாக்டர் ஒரு விஷயம் சொன்னாங்க: ரெண்டு தடவையோ மூணு தடவையோ திரும்ப விழுவான், அப்போ 'தோத்துட்டோம்'னு விட்டுராதீங்க. ரெண்டு தடவை விழுந்தான். இப்போ மூணு வருஷம் ஆச்சு. பட்டறையில லேத் ஓட்டறான். 2025-ல அரசு 'கலங்கரை'ன்னு இருபத்தஞ்சு இடத்துல மீட்பு மையம் தொடங்கியிருக்காங்க. அப்போ அது இருந்திருந்தா என் அம்மாவோட தோடு மிஞ்சியிருக்கும்.

ஆனா அக்கா, மையம் தொடங்கினா மட்டும் பத்தாது. எங்களுக்குக் கஷ்டம் கொடுத்தது பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை போய்வர்றதுதான். ரெண்டு பஸ், ஒரு நாள் கூலி போயிரும். ஆம்பளைப் பையனை இழுத்துட்டுப் போகக் கூட ஒரு ஆள் வேணும். வாரம் ஒரு நாள் உங்க ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மருந்தும் பேச்சும் கிடைக்கணும்னு கேளுங்க. போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் போட்டா முதல்ல எங்க போகலாம்னு சொல்வாங்க, நான் போட்டிருக்கேன். அந்த நம்பரைப் பள்ளிக்கூடச் சுவத்துல 10581-க்குப் பக்கத்துலயே எழுதி வைங்க. ஒண்ணு பிடிச்சுக் கொடுக்கறதுக்கு, ஒண்ணு காப்பாத்தறதுக்கு. அம்மாமார் எந்த நம்பருக்குப் போன் போடுவாங்கன்னு நீங்களே யோசிங்க.


உழவர்சந்தை_ராசு:

அக்கா, படிச்சேன். உங்க தம்பி நல்லா இருக்கட்டும். எங்கப்பா விஷயத்துல எனக்கு மனசு மாறாது. ஆனா ரைட்டர் ஐயா சொன்ன தொண்ணூறு நாள் மனுவை இன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன். வாங்கினதுக்கு ரசீது கேட்டேன், கொடுத்தாங்க.


மேலூர்ரோடு_தையல்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி தையல் மிஷினை மூடிட்டுத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒட்டன்சத்திரத்து அக்கா எழுதினதை என் வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன், அவரு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு.

தீர்மானம் இப்படி எழுதியிருக்கேன், தப்பிருந்தா திருத்துங்க.

எங்க பள்ளிக்கூடத்தைச் சுத்திக் கிடைச்ச ஊசி, மாத்திரை அட்டைகளோட படம், தேதி இணைச்சிருக்கோம். பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தவங்க மேல சிறார் நீதிச் சட்டம் 77, 78-லயும் வழக்குப் பதியணும். மாத்திரை வழக்கு எதுவானாலும் மருந்து ஆய்வாளருக்கு அன்னைக்கே தகவல் போகணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை எங்க ஊராட்சி எல்லைக்குள்ள எத்தனை ஆய்வு நடந்துச்சுன்னு எழுத்துல சொல்லணும். சீட்டு இல்லாம மாத்திரை தர மறுக்கிற கடைக்காரங்களுக்குப் பாதுகாப்பு வேணும். முதல் தடவை சிக்கற பையனோட வீட்டுக்கு 64ஏ பத்தித் தமிழ்ல ஒரு துண்டுத்தாள் கொடுக்கணும். வாரம் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல மனநல மருத்துவரோ பயிற்சி பெத்த செவிலியரோ இருக்கணும். கூல் லிப்னு உதட்டுக்குள்ள அடக்கிக்கிற புகையிலையை விக்கிற ரெண்டு பெட்டிக்கடையும் பள்ளியில இருந்து நூறு கஜத்துக்குள்ளதான் இருக்கு, அளந்து பாத்துட்டோம். புகையிலைச் சட்டப்படியே அது தப்பு. கூல் லிப் 2013-ல இருந்து தடைப்பட்டியல்ல இருக்கிற வகை, 2024-ல நம்ம மதுரை ஹைகோர்ட்டுக் கிளையே பள்ளிப் பிள்ளைங்க அதுக்கு அடிமையாகறதைப் பத்திக் கேள்வி கேட்டிருக்கு. அந்த ரெண்டு கடையையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பாக்கணும்.

கடைசியா ஒண்ணு, இது நானாச் சேத்தது. சாயங்காலம் அஞ்சரையில இருந்து எட்டரை வரைக்கும் பள்ளிக்கூட மைதானத்தைத் தொறந்து வெச்சு ரெண்டு பெரிய லைட்டு போடணும். வெட்டு விழுந்த எட்டரை மணிக்கு அந்தப் பயலுக டீக்கடை வாசலைத் தவிர வேற எங்க போய் நிப்பாய்ங்க? கபடிக்கு ஆள் இருக்கு, மைதானம் இருக்கு, கேட்டுக்குப் பூட்டும் இருக்கு. சாவியை வாங்கி வெச்சுக்கிட்டுப் பொறுப்பாப் பாத்துக்க முன்னாள் மாணவர்கள் ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க. குழுவுல புதுசா அவங்களையும் சேத்தது இதுக்காவது உதவட்டும்.

வெட்டினவன் இப்போ கண்டிஷன் பெயில்ல இருக்கான். தினம் காலையில ஸ்டேஷன்ல கையெழுத்து. எங்க வாசல் வழியாத்தான் போறான். நேத்து நின்னு, 'சித்தி, அந்தக் கடைக்காரர் கை எப்படி இருக்கு'ன்னு கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வர்றியான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. ரைட்டர் ஐயா, இவனுக்கு இருக்கிறது வெட்டுக் கேஸு, 64ஏ பொருந்தாதுன்னு எனக்கே புரியுது. சிகிச்சைக்குப் போனா கேஸுக்கு ஏதாவது ஆகுமா?


ஓய்வு_ரைட்டர்:

வெட்டு வழக்குக்கு 64ஏ பொருந்தாது, சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் சிகிச்சைக்குப் போவதால் வழக்குக்குக் கெடுதல் எதுவும் இல்லை. உள்நோயாளியாகச் சேர்ந்தால் தினக் கையெழுத்துப் போட முடியாது, சொல்லாமல் விட்டால் ஜாமீன் ரத்தாகும். அதனால் சேர்வதற்கு முன்பே அவனுடைய வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட வேண்டும். மருத்துவர் சீட்டை இணைத்தால் பெரும்பாலும் தருவார்கள். வக்கீல் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒருவரைத் தரும். அவன் 'சித்தி' என்று கூப்பிட்டானே, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

தீர்மானம் நன்றாக இருக்கிறது. 'எழுத்துல சொல்லணும்' என்ற இடத்தில் எந்தத் தேதிக்குள் என்று சேருங்கள், அடுத்த கிராம சபை அக்டோபர் 2, அதற்குள் என்று போடுங்கள். காவல் துறைக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுக்கும் சுகாதாரத் துறைக்கும் தனித்தனி நகல் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகட்டும். முக்கியமானது ஒன்று: கூட்டம் முடிந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட அவசரப்படுத்துவார்கள். முதலில் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் கோடு போடச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தை அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.